நாற்காலி டூட்டி

ஜெனிட்டா காலையில் ஆட்களைக் கேட்கும் முதல் கேள்வி ஹெல்மெட்டைப் பற்றியதாக இருக்காது. "நாஸ்தா துன்னியா?" என்றுதான் கேட்பாள். இல்லை என்று தலையாட்டுகிறவனைச் சாரத்தில் ஏறவிட மாட்டாள். கேன்டீனுக்கு விரட்டி, இட்லியைத் தின்ன வைத்து, டீயைக் குடிக்க வைத்து, அதற்குப் பிறகுதான் மேலே அனுப்புவாள். கால் வழுக்கி விழுகிறவனைவிடப் பசி மயக்கத்தில் விழுகிறவன்தான் அதிகம் என்பது அவள் கட்சி. சேஃப்டி ஆபீசர் என்றால் விசில் ஊதுவார், அபராதம் போடுவார் என்று பழகிப்போயிருந்த ஆட்கள் முதலில் இதைக் கேட்டுச் சிரித்தார்கள். அப்புறம் அவள் வருகிற நேரத்துக்கு வாயைத் துடைத்துக்கொண்டு நின்றார்கள்.

படாளத்துக்கு உள்ளே தள்ளி இருக்கும் ஒரு காலனியில் பிறந்தவள். அம்மா ஹெலன் ஊர்க்காரர்கள் வயலில் நாற்று நட்டும் களை எடுத்தும் மகளைப் பன்னிரண்டாவது வரை கொண்டுவந்து விட்டாள். அதற்குப் பிறகு செங்கல்பட்டில் தீயணைப்பு, பாதுகாப்பு டிப்ளமோ. இதில் இலட்சியம், கனவு என்றெல்லாம் ஒன்றும் கிடையாது. ஃபீஸ் குறைவு, பஸ் வாசலிலேயே நின்றது, அவ்வளவுதான். முதல் வேலை ஜி.எஸ்.டி. ரோட்டை அகலப்படுத்திய இடத்தில் சிவப்புக் கொடி காட்டி லாரிகளை நிறுத்துவது. பொம்பளை கொடி காட்டினால் நிற்பதாவது என்று மீசையை முறுக்கிக்கொண்டு வந்த டிரைவர்கள் எல்லாரும் கடைசியில் பிரேக் போட்டார்கள், ஏனென்றால் அவள் ரோட்டைவிட்டு நகரவில்லை. அந்தப் பிடிவாதத்தைப் பார்த்துத்தான் நீலாவதி கன்ஸ்ட்ரக்ஷன்ஸ் அவளைக் கூப்பிட்டுக்கொண்டது.

நீலாவதி என்பது முதலாளி அருணகிரியின் அம்மா பெயர். இரண்டு ஜல்லி லாரியில் தொடங்கி, இன்றைக்குச் செங்கல்பட்டு மாவட்டத்தில் நாலு இடத்தில் வேலை நடக்கிற கம்பெனி. அணுபுரத்துக்குப் பக்கத்தில் ஒரு பெங்களூர் கம்பெனிக்காக அடுக்குமாடிக் குடியிருப்பு எழும்பிக்கொண்டிருந்தது. ஜெனிட்டாவுக்கு அந்த சைட்டில்தான் வேலை. வேலை என்றால் கான்ட்ராக்ட். வருஷம் பிறக்கும்போது புதுப்பிப்பார்கள், புதுப்பிக்காமலும் போகலாம். கணவன் சாம் சிறுசேரி ஐ.டி. ஆபீஸ்களுக்கு வேன் ஓட்டுகிறான். அவன் வேலையும் இன்றைக்கு இருக்கும் நாளைக்கு இருக்காது என்கிற ரகம். வீட்டில் ஒருவருக்காவது நிரந்தர வேலை இருந்தால் பாங்கில் கடன் தருவார்கள், சொந்தமாக ஒரு வீடு கட்டலாம். ஊர் வீட்டையெல்லாம் கட்டுகிற கம்பெனியில் இருந்துகொண்டு ஒழுகுகிற ஓட்டு வீட்டில் குடியிருப்பது அவளுக்கு வெட்கமாகவே இருந்தது.

அந்த வருஷம் அதற்கு வழி பிறந்தது. பெங்களூர்க்காரர்கள் ஓர் அறிவிப்பு செய்திருந்தார்கள். வருஷம் முழுக்க விபத்தினால் ஓர் ஆளின் ஒரு நாள் வேலைகூடக் கெடாமல் இருந்தால், கம்பெனிக்கு ஒரு கேடயம், சைட்டில் இருக்கும் அத்தனை பேருக்கும் ஆளுக்கு ஒரு மிக்ஸி. சைட் மேனேஜர் ராஜேந்திரன் இதைத் தன் பங்குக்கு நீட்டினார். கேடயம் வந்தால் விழா மேடையிலேயே ஜெனிட்டாவின் வேலை நிரந்தரம் என்று முதலாளி அறிவிப்பார் என்றார். டிசம்பர் வரை எல்லாம் ஒழுங்காகத்தான் போயிற்று.

வருஷம் முடிகிற சமயத்தில், ஒரு வியாழக்கிழமை மழை ஓய்ந்த நேரம், கம்பி கட்டுகிறவர்களின் மேஸ்திரி சின்னராசு ஏணியில் இறங்கும்போது வழுக்கி விழுந்தார். அன்றைக்கு அவர் வயிறு நிறையச் சாப்பிட்டிருந்தார். முழங்காலுக்குக் கீழே எலும்பு விரிசல். கம்பெனிக்குப் பழக்கமான ஒரு சின்ன கிளினிக்கில் மாவுக்கட்டுப் போட்டார்கள். இரண்டு நாள் படுக்க வைத்துப் பார்க்கலாம் என்று அங்கிருந்த டாக்டர் சொன்னதற்கு ராஜேந்திரன் தேவையில்லை என்று கையெழுத்துப் போட்டுக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். காலைத் தூக்கியே வைத்திருக்க வேண்டும், விரல் மரத்துப்போனால் உடனே வர வேண்டும் என்று டாக்டர் சொன்னதை ஜெனிட்டா பக்கத்தில் நின்று கேட்டாள்.

அதற்குப் பிறகு நடந்ததற்குக் கட்டட வேலையில் ஒரு பெயர் உண்டு. நாற்காலி டூட்டி. அடிபட்டவர் மறுநாள் வராவிட்டால்தான் அது கணக்கில் ஏறும் விபத்து. வந்துவிட்டால் சின்னக் காயம், முதலுதவியோடு தீர்ந்தது. ஆகவே கம்பெனி ஜீப்பே வீட்டு வாசலுக்குப் போய் ஆளை அள்ளிக்கொண்டு வரும். ஆபீஸ் கன்டெய்னரில் ஒரு நாற்காலி போட்டு உட்கார வைப்பார்கள். ஆஜர் போடுகிற மெஷினை அவர் முகத்துக்கு நேரே கொண்டுவந்து காட்டுவார்கள். காட்டியாயிற்று என்றால் அவர் வேலைக்கு வந்துவிட்டார், வேலை கெடவில்லை, விபத்தும் நடக்கவில்லை. என்ன சாமர்த்தியம் பாருங்கள்! எந்தப் புண்ணியவான் கண்டுபிடித்தானோ, அவனுக்கு ஒரு நாளாவது கால் ஒடிந்திருக்கக் கூடாதா?

வெள்ளிக்கிழமை முழுக்க சின்னராசு அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். ஜெனிட்டா அவர் காலுக்கு ஒரு ஸ்டூல் போட்டாள், அதன்மேல் தலையணை வைத்தாள். வீட்டில் இருந்தாலும் உட்கார்ந்துதானே இருப்பார் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அது பொய் என்று அவளுக்குத் தெரியும். ஆனாலும் சொல்லிக்கொண்டாள்.

சனிக்கிழமை விழா. மாமல்லபுரம் கடற்கரையில் ஒரு ஹோட்டலின் பெரிய ஹால். வேலை நாள் என்பதால் விழாவும் டூட்டிதான். வராதவருக்கு ஆப்சென்ட். அதனால் சின்னராசுவும் வர வேண்டியிருந்தது. வேன்களில் ஆட்கள் வந்து இறங்கினார்கள். எல்லோருக்கும் கம்பெனிப் பெயர் போட்ட மஞ்சள் பனியன். சாயம் போகாமல் இருக்கிற பனியனை இதுவரை எந்தக் கம்பெனியும் கொடுத்ததில்லை, இதுவும் வியர்வையில் கழுத்தோரம் மஞ்சளாக இறங்கிக்கொண்டிருந்தது. மேடைக்குப் பக்கத்தில் மிக்ஸிப் பெட்டிகள் கூரை முட்ட அடுக்கியிருந்தன. வந்தவர்கள் மேடையைப் பார்த்ததைவிட அதைப் பார்த்ததுதான் அதிகம். ஒடிசாவிலிருந்து வந்தவர்கள் அதை ரயிலில் எப்படிக் கொண்டுபோவது என்று பேசிக்கொண்டார்கள்.

சின்னராசுவைப் பின்வாசல் வழியாக முன்பே கொண்டுவந்து ஓரத்து மேஜையில் உட்கார வைத்திருந்தார்கள். மேஜை விரிப்பு தரை வரைக்கும் தொங்கியது. தூக்கி வைத்தால் வெளியே தெரியும் என்று காலை மேஜைக்கு அடியில் தொங்கப்போடச் சொல்லியிருந்தார் ராஜேந்திரன். ஜெனிட்டா வந்து பார்த்தபோது மனிதர் முகம் சாம்பல் பூத்திருந்தது. ஏ.சி. ஹாலில் நெற்றி கொட்டக் கொட்ட வியர்த்தது. ராத்திரி முழுக்கத் தூக்கம் இல்லை, மாத்திரை கேட்கவில்லை என்றார்.

மேடையில் வருஷத்துச் சாதனைகள் ஓடத் தொடங்கின. மேலே பறந்து எடுத்த வீடியோ. எழும்பிய கட்டடங்கள், ஊற்றிய தளங்கள், பின்னணியில் மேளம். விளக்கை அணைத்ததும் ஜெனிட்டா கர்ச்சீப்பைக் கீழே போட்டுவிட்டு அதை எடுக்கிறவள்போல மேஜைக்கு அடியில் குனிந்தாள். செல்போன் வெளிச்சத்தில் கட்டுக்கு வெளியே தெரிந்த விரல்களைப் பார்த்தாள். வீங்கி, வெளுத்து, ஓரங்களில் நீலம் படர்ந்திருந்தது. தொட்டால் சில்லென்றிருந்தது. கட்டைவிரல் நகத்தை அழுத்திவிட்டாள். அழுத்தினால் வெளுத்து உடனே சிவக்க வேண்டும். சிவக்கவில்லை.

"அண்ணாத்த, வெரல அசைங்க பாக்கலாம்" என்றாள் மெதுவாக.

"அசைச்சிகினுதானே கீறேன்" என்றார் சின்னராசு மேலிருந்து.

ஒரு விரலும் அசையவில்லை.

கட்டுக்குள் கால் வீங்கி, ரத்தம் போக வழியில்லாமல் நிற்கிறது. இப்படியே விட்டால் சதை செத்துப்போகும், அப்புறம் காலையே எடுக்க வேண்டிவரும். படித்ததைப் பரீட்சையோடு மறந்துவிடுகிற ஜாதி அல்ல அவள். எழுந்து, அவர் காதோடு, உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்றாள். கால் போய்விடும் என்பதையும் ஒளிக்காமல் சொன்னாள்.

சின்னராசு மிக்ஸிப் பெட்டிகளைப் பார்த்தார். பின்னால் உட்கார்ந்திருந்த தன் ஆட்களைத் திரும்பிப் பார்த்தார்.

"கொஞ்ச நேரம் பொறு தங்கச்சி. குடுத்து முடிக்கட்டும். எல்லாரும் வூட்ல சொல்லிட்டு வந்துகீறாங்கோ. என்னாலதான் போச்சின்னு ஆச்சின்னா அவுங்க மூஞ்சில நான் எப்பிடி முழிப்பேன்?"

ஜெனிட்டா ராஜேந்திரனைத் தேடிப் போனாள். அவர் பெங்களூரிலிருந்து வந்திருந்த அதிகாரிக்குப் பக்கத்தில் இருந்தார். கண்ணைக் காட்டி ஓரமாக அழைத்து விஷயத்தைச் சொன்னாள். ஜீப் சாவியைக் கேட்டாள். ராஜேந்திரன் கெட்டவர் இல்லை. ஆட்களின் பிள்ளைகளுக்குக் காதுகுத்து என்றால் போய் மொய் எழுதிவிட்டு வருகிறவர். அவர் முகமும் வெளிறித்தான் போயிற்று. ஆனால் சாவி வரவில்லை.

"ரெண்டு மணி நேரம் ஜெனிட்டா. அவங்க சாப்ட்டு கெளம்பட்டும், நானே என் கார்ல கூட்டிட்டுப் போறேன்" என்றார். நகரப் போனவர் நின்று, "உன் விஷயமும் இன்னைக்குத்தான் இருக்கு. அதையும் யோசிச்சுக்கோ" என்றார்.

"அந்தக் கால் ரெண்டு மணி நேரம் தாங்காது சார்" என்றாள். அவர் காதில் விழாததுபோல் போய் உட்கார்ந்துவிட்டார்.

கடலைப் பார்த்த வராந்தாவுக்கு வந்து நின்றாள். உள்ளே கை தட்டினார்கள். யோசித்தாள், அதை மறைக்க வேண்டியதில்லை. ஒருவேளை தாங்கினால்? பரிசைக் கொடுத்து, சாப்பாடு போட்டு, எல்லாம் சீக்கிரம் முடிந்துவிட்டால்? காலும் பிழைத்து, வேலையும் கிடைத்து, எல்லோருக்கும் மிக்ஸியும் வந்துவிட்டால்? சாமுக்குப் போன் செய்து கேட்கலாம் என்று நினைத்தாள். அவன் என்ன சொல்வான் என்று தெரியும், அதனால் செய்யவில்லை. அவன் சொல்லித்தான் அவள் சரியானதைச் செய்ய வேண்டுமென்றால் அப்புறம் என்ன சேஃப்டி ஆபீசர் என்று தன்மேலேயே கோபம் வந்தது. 108-ஐ அழுத்தினாள்.

எதிர்முனையில் ஒரு பெண் எந்த இடம், என்ன அடி, எப்படிப் பட்டது என்று வரிசையாகக் கேட்டாள். "சைட்ல வேலை செய்யும்போது ஏணியிலேர்ந்து விழுந்தாரு" என்றாள் ஜெனிட்டா. வெள்ளிக்கிழமையிலிருந்து தொண்டையில் நின்ற வாக்கியம் அது.

உள்ளே வந்து சின்னராசுவின் காலை மேஜைக்கு அடியிலிருந்து வெளியே எடுத்து, தன் நாற்காலியில் நீட்டி வைத்தாள். வேண்டாம் வேண்டாம் என்று அவர் கையைப் பிடித்தார். விடவில்லை. தன் துப்பட்டாவை மடித்து அடியில் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் நின்றாள். விளக்கு போட்டிருந்தார்கள். பக்கத்து மேஜைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ராஜேந்திரன் கண்ணாலேயே மிரட்டினார்.

அருணகிரி மைக்கைப் பிடித்திருந்தார். எழுதிக் கொடுத்ததைப் படிக்கிறவர் அல்ல அவர், பேச ஆரம்பித்தால் ஜல்லி லாரியிலிருந்துதான் ஆரம்பிப்பார். ஜல்லி லாரி முடிந்து, இந்த வருஷத்துக்கு வந்து, நம் ஆட்கள் ஒருவர்மேலும் ஒரு கீறல்கூட விழவில்லை என்கிற இடத்தை அடைந்தபோது, வெளியே சைரன் கேட்டது. ஈ.சி.ஆரில் அது புதிதல்ல. போய்விடும் என்று சிரித்தபடி நிறுத்தினார். சைரன் போகவில்லை. கேட்டுக்குள் திரும்பி, ஹால் வாசலில் வந்து அணைந்தது.

ஸ்ட்ரெச்சரோடு இரண்டு பேர் உள்ளே வந்து, யார் என்று கேட்டார்கள். ஜெனிட்டா கையைத் தூக்கினாள். சுகர் இறங்கிவிட்டது, ஒன்றுமில்லை என்று ராஜேந்திரன் பெங்களூர் அதிகாரியிடம் சொல்லிக்கொண்டிருக்கும்போதே மாவுக்கட்டுப் போட்ட கால் எல்லோர் கண்ணிலும் பட்டுவிட்டது. சின்னராசு தோள் துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். பின்வரிசையிலிருந்து அவருடைய ஆட்கள் எழுந்து வந்து அவரைத் தூக்கி ஸ்ட்ரெச்சரில் வைத்தார்கள். யாரும் ஜெனிட்டாவின் முகத்தைப் பார்க்கவில்லை.

திருக்கழுக்குன்றம் வழியாக வண்டி பறந்தது. வழி முழுக்க சின்னராசு முகத்துத் துண்டை எடுக்கவில்லை. செங்கல்பட்டு பெரியாஸ்பத்திரிக்குள் நுழைகிறபோது மட்டும் துண்டை விலக்கி, "கெடுத்திட்டியே" என்றார். அவளுக்கு அழுகை முட்டியது. அழுதால் அவர் பயந்துவிடுவார் என்று அடக்கிக்கொண்டாள்.

எமர்ஜென்சியில் இருந்த லேடி டாக்டர் விரல்களைப் பார்த்ததும் வேறு எதுவும் கேட்காமல் கட்டை நீளவாக்கில் பிளந்தார். மாவுக்கட்டு விரிந்ததும் உள்ளே கால் புடைத்துக்கொண்டு நின்றது. அதற்குப் பிறகுதான் எங்கே விழுந்தீர்கள் என்று கேட்டார்.

"வூட்ல. படிக்கட்டுல" என்றார் சின்னராசு. அப்படித்தான் சொல்லிக் கொடுத்திருந்தார்கள்.

"இல்ல மேடம். எங்க சைட்ல. நான்தான் அங்க சேஃப்டி ஆபீசர்" என்றாள் ஜெனிட்டா.

டாக்டர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். அந்தப் பார்வையில் இருந்தது மரியாதை இல்லை. சாயங்காலம் வரை விட்டிருந்தால் சதையைக் கிழிக்க வேண்டிவந்திருக்கும், அதற்கும் மேலே போயிருந்தால் கால் இல்லை என்று சொல்லிவிட்டுப் போனார். ஜெனிட்டா கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றபடியே நகத்தை அழுத்தி அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தாள். வெகுநேரம் வெளுப்பாகவே இருந்தது. வெளியே வெயில் சாய்ந்தபோது மெல்லச் சிவப்பு ஏறியது. கட்டைவிரல் கொஞ்சமாக, மிகக் கொஞ்சமாக அசைந்தது. சின்னராசுவும் அதைப் பார்த்தார். பிறகு சுவர் பக்கம் திரும்பிக்கொண்டார்.

கேடயம் போயிற்று. மிக்ஸிப் பெட்டிகளை வந்த லாரியிலேயே ஏற்றித் திருப்பி அனுப்பிவிட்டதாக ஞாயிற்றுக்கிழமை ராஜேந்திரன் போனில் சொன்னார். திட்டவில்லை, குரல் மட்டும் செத்திருந்தது. முதலாளி அவளை வெளியே அனுப்பச் சொல்லவில்லையாம். ஆஸ்பத்திரிச் செலவு கம்பெனியே பார்க்குமாம். நிரந்தரம் என்கிற பேச்சை இனி எடுக்க வேண்டாமாம். சாம் அவள் கையிலிருந்த போனை வாங்கி வைத்துவிட்டு, சோறு போட்டுக் கொடுத்தான். அவள் இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டுத் தட்டைத் தள்ளினாள்.

திங்கட்கிழமை சைட்டுக்குப் போக அவளுக்குப் பயமாக இருந்தது. முதலாளியைக் கண்டு பயம் இல்லை, அந்த ஆட்களைக் கண்டுதான். வாசலில் டீக்கடையில் நின்றவர்கள் அவளைப் பார்த்ததும் பேச்சை நிறுத்தினார்கள். இத்தனை நாள் வாயைத் துடைத்துக்கொண்டு காத்திருந்தவர்கள் தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போனார்கள். இன்றைக்கு நாஸ்தாவைப் பற்றிக் கேட்க அவளுக்கு நாக்கு எழவில்லை. கட்டடத்தைச் சுற்றிக்கொண்டு முதலுதவி அறைக்குப் போனாள்.

அங்கே வாசலில் ஆட்கள் நின்றிருந்தார்கள். சண்டைக்குத்தான் வந்திருக்கிறார்கள் என்று நினைத்து நின்றுவிட்டாள். முன்னால் நின்றவள் சித்தாள் பார்வதம், கலவை சுமக்கிறவர்களில் மூத்தவள். அவளுக்குப் பின்னால் கம்பி கட்டுகிறவர்கள், தச்சர்கள், ஒடிசாக்காரர்கள், சுவரோரமாக வளைந்து போயிற்று வரிசை.

பார்வதம் முந்தானையை விலக்கி வலது கையை நீட்டினாள். மணிக்கட்டில் கிழிந்த புடவைத் துணி இறுக்கிக் கட்டியிருந்தது. அவிழ்த்துக் காட்டினாள். எலும்பு கோணலாகப் பொருந்தி, மேலே தோல் கறுத்திருந்தது. பின்னால் நின்றவன் ஷூவைக் கழற்றினான், ஆணி ஏறிய பாதம் சீழ் பிடித்திருந்தது. இன்னொருவன் விலாவைப் பிடித்துக்கொண்டே நின்றான். ஒரு தச்சர் கையுறையை உருவினார், உள்ளே ஒரு விரலுக்கு நகமே இல்லை.

"எப்போ இதெல்லாம்?" என்றாள் ஜெனிட்டா.

"எனுக்கு ஆயுதபூஜைக்கு முன்னாடி. அதான் எல்லாம் போயிடுச்சே, இனிமே மறைச்சி இன்னா ஆவப்போவுது?" என்றாள் பார்வதம்.

"ஏன்க்கா எங்கிட்ட சொல்லல? மிக்ஸிக்காகவா?"

பார்வதம் பின்னால் நின்றவர்களைத் திரும்பிப் பார்த்தாள். சொல்லட்டுமா என்று கேட்கிற பார்வை.

"மிக்ஸி கெடக்குது கண்ணு. இந்த வருசம் நீ பர்மெண்ட் ஆவப்போறேன்னு சொன்னாங்கோ. காலைல துன்னியான்னு கேக்கற ஆளு நீ ஒருத்திதான். நாங்க வாயத் தொறந்து உன் வேலையக் கெடுப்பமா?"

சின்னராசு விழுகிற வரை, அந்த வருஷம் முழுக்கத் தன் சைட்டில் ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை என்று உண்மையாகவே நம்பியிருந்தவள் ஜெனிட்டா ஒருத்திதான். கதவைத் திறந்து, பார்வதத்தை உள்ளே உட்கார வைத்து, அந்தக் கையைத் தன் மடிமேல் எடுத்து வைத்துக்கொண்டு, எல்லார் முன்னாலும் அழுதாள்.